அயலார் ஒருவர் எழுதிய அரண்மனைக் கொலை

கி.பி. 41ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24ஆம் நாள், உரோம நகரின் பாலட்டைன் குன்றில் நாடக விழா நடைபெற்றுக்கொண்டிருந்தது. அரங்கைவிட்டு எழுந்து சென்ற பேரரசன் கலிகுலா, ஒடுங்கிய நடைவழி ஒன்றில் தன் மெய்காவற்படை அதிகாரிகளாலேயே வெட்டி வீழ்த்தப்பட்டான். அவர்களுள் முதல்வன் கேசியஸ் கேரியா. முதிய வீரனான அவனைப் பெண்தன்மையன் என எள்ளிய பேரரசன், காவலர்க்குரிய அடையாளச் சொல்லை அவன் கேட்க வரும்போதெல்லாம் நாணத்தக்க சொற்களையே கொடுத்துவந்தான்.

இந்நிகழ்ச்சியை நாம் எவ்வாறு அறிகின்றோம்? கலிகுலாவின் ஆட்சியைப் பற்றி டாசிட்டஸ் எழுதிய பகுதிகள் அழிந்துபோயின. சூட்டோனியஸ் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழித்து எழுதினார். வெட்டு விழுந்த விதத்தை இருவேறாகக் கூறி, எது மெய் என்று தீர்க்காமலே விட்டார். டியோ காசியஸ் அவருக்கும் பிற்பட்டவர். மிக விரிவான சான்று நாம் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. அது, ஜோசபஸ் கிரேக்க மொழியில் எழுதிய யூதர் வரலாற்றின் 19ஆம் பகுதி.

ஜோசபஸ் எருசலேமில், கலிகுலா அரியணை ஏறிய 37ஆம் ஆண்டில் பிறந்தவர். உரோமரை எதிர்த்துப் போரிட்டுச் சிறைப்பட்டு, பின்னர் அவர்களைச் சார்ந்து, தம் நகரம் 70இல் அழிந்தபின் உரோமில் குடியேறியவர். கொலை நடந்தபோது அவர் சிறு குழந்தை. ஆகவே, இன்று கிடைக்காத உரோம நூலொன்றை அவர் தழுவியிருத்தல் வேண்டும் என அறிஞர் பலர் கருதுவர்.

தம்மவர் வரலாற்றில் இக்கொலைக்கு அவர் இடமளித்ததற்குக் காரணம் உண்டு. கலிகுலா தன் சிலையை எருசலேம்க் கோயிலில் நிறுவ ஆணையிட்டிருந்தான். சிரியாவின் ஆளுநர் பெட்ரோனியஸ், யூதரின் மன்றாட்டுக்கு இரங்கிக் காலம் தாழ்த்தினார். சினந்த பேரரசன் அவரது உயிரையே கேட்டுக் கடிதம் விடுத்தான். அக்கடிதம் கடற்கொந்தளிப்பில் சிக்கித் தாமதமாயிற்று; பேரரசன் இறந்த செய்தி அதற்கு 27 நாள் முன்பே வந்து சேர்ந்தது என்கிறார் ஜோசபஸ். கலிகுலாவின் முடிவில் அவர் கண்டது இறைவனின் கையை.

இத்தகையவர் அச்சாவைக் கொண்டாடி மட்டும் எழுதியிருந்தால் எவரும் குறைகூறார். அவரோ அரங்கில் அமர்ந்திருந்தோரையும் நோக்குகிறார். செய்தி மெய்யோ பொய்யோ என அறியாமல், முகத்தில் மகிழ்ச்சியைக் காட்டவும் அஞ்சி மக்கள் உறைந்திருக்கின்றனர். வாளேந்திய செருமானியக் காவலர் அவர்களைச் சூழ்ந்து நிற்கின்றனர். காட்சிகளுக்கும் கொடைகளுக்கும் பழகிய எளியோர் சிலர் அம்மன்னனுக்காக உண்மையாகவே வருந்தினர் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவன் மனைவி சிசோனியா, குருதி படிந்த கோலத்தில் கணவனின் உடலருகே கிடந்ததையும், கொல்ல வந்தவனிடம் தானே கழுத்தை நீட்டியதையும், அவளுடைய பெண் குழந்தையும் கொல்லப்பட்டதையும் எழுதுகிறார். பெண்ணொருத்தியைக் கொல்வது கொடுமையன்றோ எனச் சதியாளருள்ளேயே சிலர் தயங்கியதும் அவர் ஏட்டில் உண்டு.

வடபுலத்து நகரொன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்துவரும் எனக்கு, சதியைவிட இப்பக்கங்களே நெஞ்சில் நிற்கின்றன. என் மக்கள் இவ்வூரில் பிறந்தவர்கள். இவ்வூரின் கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். நம்மவர் இங்குப் பட்ட இன்னலை மட்டும் சொன்னால் அது பாதிக் கதை. அதை விழுங்கிவிட்டு ஊர்ப்பெருமை பேசினாலும் பாதிக் கதையே. ஜோசபஸ் இரண்டையும் ஒரே நூலில் வைத்தார். தம் கோயிலுக்கு நேரவிருந்த இழிவையும் மறக்கவில்லை. அதற்கு ஆணையிட்டவனின் வீட்டில் சிந்திய குருதியையும் துடைத்து மறைக்கவில்லை. உரோமரின் நூல்கள் பல அழிந்தபின், அந்நகரின் அன்றைய அச்சத்தையும் அழுகையையும் நமக்குக் கொண்டுவந்து சேர்த்தது, அங்கே குடியேறிய ஒருவர் தம் மக்களைப் பற்றி எழுதிய வரலாறு.