பேரேடு இருக்கும் வீடு

புதுச்சேரியில் பெரிய மார்க்கெட் பக்கம் போனால், ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டைப் பார்க்காமல் எனக்குத் திரும்ப மனம் வராது. 1730-களில் கட்டிய வீடு. கீழ்த்தளத்தில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கு வேலைப்பாடு கொண்ட மரத்தூண்கள். மாடியிலோ சுதை பூசிய வெண்ணிறத் தூண்கள், பிரெஞ்சுப் பாணியில். பாக்கு, துணி வியாபாரத்தோடு பிரெஞ்சுக் கும்பெனிக்கும் வேண்டியவராக இருந்து, 1747-இல் கவர்னர் துய்ப்ளேயின் தலைமைத் துபாஷாகவும், அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகருமாகவும், ஆனவரின் வீடு வேறு எப்படி அமையும்?

அவர் இறந்தது 1761 ஜனவரியில். அடுத்த சில நாட்களில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டையையும் துய்ப்ளே ஆண்ட கவர்னர் மாளிகையையும் அவர்கள் இடித்துத் தள்ளினார்கள். துபாஷின் வீடு தப்பியது. தமிழர் பகுதியில் இன்றும் நிற்கும் மிகப் பழைய வீடுகளில் அது ஒன்று.

ஆனால் தூண்களுக்காக மட்டும் நான் அங்கே போவதில்லை. 1736 செப்டம்பர் முதல் பிள்ளை நாட்குறிப்பு எழுதிவந்தார். எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, யாருக்கு எத்தனை பீரங்கி முழங்கியது, கவர்னர் யார்மேல் கோபப்பட்டார், எந்த வீட்டில் கலியாணம் என்று கால் நூற்றாண்டு அதில் கிடக்கிறது. வரலாறு எழுதுகிறோம் என்ற மிடுக்கு அந்தத் தமிழில் இல்லை. கணக்கு எழுதிப் பழகிய கையின் கவனம் இருக்கிறது. 1846-இல் அது வெளிச்சத்துக்கு வந்திராவிட்டால், அந்த வீடு நமக்கு வெறும் பழைய கட்டடம்தான்.

நம் சிறு நகரங்களில் வணிகர் வீடுகள் மாதந்தோறும் கைமாறுகின்றன. தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் விலை பேச ஆள் வருகிறது. பரணில் இருக்கும் பேரேடுகளும் கடிதக் கட்டுகளும் பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன. எந்த ஊருக்குச் சரக்கு போனது, பஞ்சத்தில் அரிசி என்ன விலை விற்றது, யாருக்குக் கடனைத் தள்ளிக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். வீட்டைக் காக்கப் பணம் வேண்டும். அது எல்லோராலும் ஆகாது. பேரேட்டைக் காக்க ஓர் அலமாரி போதும். வீட்டை விற்க நேர்ந்தவர்கள் அதையாவது செய்ய வேண்டும்.