பெட்டி கட்டுமுன் ஊரைப் பாருங்கள்

பெண்ணை ஹாஸ்டலில் சேர்க்கப் போகும் சகோதரிகளே, சாமான் வாங்கக் கிளம்புமுன் அந்த ஊருக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். மகளுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் நாங்கள் முதலில் சிதம்பரத்துக்குத்தான் போனோம்.

ரயிலடிக்கு மேற்கே கோயிலும் ஊரும். கிழக்கே, 1929-ல் தொடங்கிய பல்கலைக்கழகம். அண்ணாமலைநகர் என்று தனி ஊராகவே இருக்கிறது. இன்னும் கிழக்கே போனால் பிச்சாவரம், கடல். எங்கள் கோவில்பட்டிக் கரிசலில் காலையில் உலர்த்திய துணி மத்தியானம் மொறமொறவென்று இருக்கும். இங்கே காற்றிலேயே ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை வேறு. அவளுக்கோ சின்ன வயசிலிருந்தே வீசிங். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈரம் ஏறினால் பூஞ்சை பிடிக்கும். கோரைப்பாயும், துவைக்கிற மாதிரி இரண்டு ஜமக்காளமும் போதும். ஜீன்ஸ் ஒன்றே ஒன்று. அது காய இரண்டு நாளாகும். ஈரத்துணியை அறைக்குள் போடாமலிருக்க, வராந்தாவில் கட்ட நைலான் கயிறு. கொசுவலை. இன்ஹேலர் இரண்டு: ஒன்று கைப்பையில், ஒன்று தலைமாட்டில். கூடத் தங்கும் பெண்ணிடமும் அதைக் காட்டி வைக்கச் சொன்னேன். பருப்புப்பொடி, ஊறுகாயெல்லாம் நான் சொல்லணுமா என்ன!

கடைசியில் பெட்டியில் கொஞ்சம் இடம் மிச்சம். அவள் தலையணையை எடுத்தேன்.

“அது இங்கேயே இருக்கட்டும்மா. லீவுக்கு வந்தா வேணுமே” என்றாள்.