பார்த்ததும் பாராததும்

சிங்கப்பூர் மாணவன் ஒருவன் தோழர் இருவருடன் வார இறுதியில் கோலாலம்பூரைக் காணப் புறப்பட்டான். 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிவு நேரும்வரை இரு நகரங்களும் ஒரே நாட்டில் இருந்தவை. அவனுக்கோ இஃது அயல்நாடு. 452 மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரங்களை அண்ணாந்து நோக்குவதிலேயே சனிக்கிழமை கழிந்தது.

மறுநாட் காலை பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையில், ஓய்வுபெற்ற இரயில்வே தொழிலாளி ஒருவர், "தம்பி, என்னென்ன பார்த்தீர்கள்?" என்று வினவினார். கோபுரங்களின் பெருமையை மாணவன் விரித்துரைத்தான். பெரியவர் முறுவலித்தார்.

"அத்தாப்புக் கூரை வேய்ந்த இந்நகரை 1881இல் தீயும் வெள்ளமும் அழித்தன. 1884இல் செங்கல்லால் கட்டுமாறு ஆணை பிறந்தது. அச்செங்கல் சுட்ட சூளைகளாலேயே இவ்விடம் பெயர் பெற்றது. 1886இல் கிள்ளான் அருகே புக்கிட் கூடாவரை இருப்புப்பாதையும் திறந்தார்கள். அப்பாதையிலும் தமிழர் வியர்வை உண்டு, தம்பி."

பிற்பகல் மூவரும் கிள்ளானுக்கு இரயிலேறினர். தோழர்கள் படங்களைப் புரட்டி மகிழ்ந்தனர். மாணவனோ சன்னலோரம் அமர்ந்து, பக்கத்துத் தண்டவாளத்தையே பார்த்திருந்தான். தன் பூட்டனார் மலாயாவுக்குத் தண்டவாளம் போட வந்தவர் என்று பாட்டி பலமுறை சொன்னதுண்டு. அவர் எந்த ஊரில் உழைத்தார் என்று அவன் ஒருமுறையேனும் கேட்டதில்லை.