பிடரியைத் தின்ற கதவு

அந்தியூர் ஆடிச் சந்தையில் வாங்கிய குதிரைக்கு ஐப்பசி பிறப்பதற்குள் பாதிப் பிடரி காணாமல் போய்விட்டது என்று ஒரு தோட்டக்காரர் என் நண்பரிடம் புலம்பியிருக்கிறார். நண்பர் கால்நடை மருத்துவர். பார்க்கக் கிளம்பியவர் என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு, அதன் கோடியில் லாயம்.

வெள்ளைக் கத்தியவாரி இனக் குதிரை. காது நுனிகள் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றன. அந்த அழகிலிருந்து கண்ணைக் கீழே இறக்கினால் கழுத்தின் மேல்வரம்பு பரிதாபம். மயிர் வேரோடு உதிரவில்லை. விரற்கடை உயரத்தில் ஒடிந்து, தேய்ந்த துடைப்பமாக நிற்கிறது. அடியில் தோல் தடித்து மடிப்பு விழுந்திருக்கிறது. தொட்டால் பொடுகு விரலோடு வருகிறது.

நண்பர் வெயிலில் நிறுத்தி மயிரைப் பிரித்துப் பார்த்தார். பேன் இல்லை, ஈரும் இல்லை. வாலைத் தூக்கிப் பார்த்தார், முழுசாக இருந்தது. "புழுன்னா வாலத்தான் மொதல்ல தேய்க்கும்" என்றார் குதிரைக்காரர். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பா கோவையில் ஜட்கா ஓட்டியவர். ஜட்கா போனதும் மகன் ஊட்டிப் பந்தயக் குதிரைகளுக்கு மாலிஷ் போடப் போனார். முட்டி தேய்ந்த பிறகு இங்கே வந்துவிட்டார்.

"குதிரைய அப்புறம் பாருங்க டாக்டர், கதவப் பாருங்க." அரைக் கதவின் மேல்விளிம்புப் பலகையில் ஒரு பிளவு. அதில் வெள்ளை மயிர் கொத்தாகச் சிக்கியிருந்தது. புல் வைக்கும் கம்பித் தட்டிலும் அப்படியே. "குனிஞ்சு திங்கிற ஜீவனுக்கு ஒசரத்துல தட்டு கட்டுனா கழுத்து கம்பில ஒரசாம என்ன பண்ணும்?"

தட்டை அன்றே கழற்றியாயிற்று. பலகையைச் சீவித் தகடு அடிக்க ஆள் வந்தார்.

ஆனால் கதவு சும்மா நிற்கிறது. அரிப்பு எங்கிருந்து வருகிறது? பாய் அதற்கும் கணக்கு வைத்திருந்தார்: மதியம் தேய்ப்பதில்லை, விடியற்காலையும் பொழுது சாயும்போதும்தான். கியூலிகாய்ட்ஸ் என்றார் நண்பர். கொசுவைவிடப் பொடிசான கடிபூச்சி. அதன் எச்சில் சில குதிரைகளுக்கு ஒவ்வாது, அரிப்பெடுத்துவிடும். பக்கத்துக் குதிரைக்கு ஒன்றுமே ஆகாது. ஈரச் சாணிச் சேற்றில் பெருகுவது அது. லாயத்துச் சுவரை ஒட்டியே குப்பைக்குழி, தென்னைக்குப் பாயும் தண்ணீரின் கசிவு வேறு. பாய் போட்டுவந்த வேப்பிலை மூட்டத்தை நண்பர் தடுத்துவிட்டார்: அடைத்த லாயத்தில் புகை குதிரையின் நெஞ்சுக்கு ஆகாது. பாய்க்கு அதில் வருத்தம்தான்.

மருந்து என்னவென்றால், ஒரு பீடஸ்டல் ஃபேன்! அந்தப் பூச்சிக்குக் காற்றை எதிர்த்துப் பறக்கத் தெம்பு கிடையாது. அந்தி சாயும் முன்பே குதிரையைக் கட்டி, கழுத்துக்கு நேராக ஓடவிட வேண்டும். வயர் வாய்க்கு எட்டக்கூடாது. கூடவே, சோப்பு நுரை ஒரு துளி தங்காமல் அலசி, தேங்காயெண்ணெயில் கொஞ்சம் வேப்பெண்ணெய் கலந்து பூசவேண்டும். தனி வேப்பெண்ணெய் புண்பட்ட தோலில் எரியும்.

ஃபேன் பாய் முன்பே கேட்டதுதான். "மனுசனுக்கே இல்ல, குதிரைக்கு ஃபேனா?" என்று முதலாளி சிரித்திருக்கிறார். அதே முதலாளி, விற்றுக்கொடுத்த தரகரிடமே 'மயிர் வளரும் தைலம்' பாட்டில் பாட்டிலாக வாங்கியிருக்கிறார். காலிப் பாட்டில்கள் மாடத்தில் வரிசையாக நின்றன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கியவர், சுழி சரியில்லை என்று பிறகு பயங்காட்டுகிறார், தைலம் விற்கிறார், பிடரி போன குதிரைக்கு விலை இறங்கிவிட்டது என்று தானே திரும்பக் கேட்கவும் வருகிறார். இராப்பகலாகக் குதிரையோடு கிடப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க மட்டும் யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் சொன்னால் இலவசம். அதனால் மதிப்பில்லை போலிருக்கிறது.

நண்பர் சொன்ன பிறகு ஃபேன் வந்தது. அடுத்த ஆடிக்குள் பிடரி பழையபடி வந்துவிடுமா என்று முதலாளி கேட்டார். மாதத்துக்கு ஓரங்குலம்கூட வளராது, தேய்க்காமல் இருந்தால் ஒரு சாண் வரலாம் என்றார் நண்பர்.

"சந்தைக்குக் கொண்டுபோகவா கேக்கறீங்க?" என்றார் பாய். முதலாளி ஃபேனின் வேகத்தை ஒன்று குறைத்துவிட்டு, கரண்ட் பில்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.