சயாமில் ஆங்கில வாத்தியார் வேலை

அயல்நாடு சென்று சிறு பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வேலையை இக்காலத்து இளைஞர் பலர் விரும்புகின்றனர். ஊரும் பார்க்கலாம், கையில் நாலு காசும் சேரும் என்பது அவர்தம் எண்ணம். 2014 முதல் 2016 வரை இரண்டாண்டுகள் நாம் அவ்வேலையில் இருந்தோம். ஆங்கிலத்தின் வழியாகவே பள்ளிப் படிப்பை முடித்திருந்த நமக்கு, கெடா எல்லைக்கு அப்பால், தாய்லாந்தின் ஹாட்யாய் நகரை அடுத்த ஒரு பாலர் பள்ளியில் இடம் கிடைத்தது. இன்று தோட்டத்துக் கிராணியாய்ச் செக்ரோல் எழுதிவரும் நாம், அங்குக் கண்டவற்றை நம்மவர் அறிதல் நலம் எனக் கருதி ஈண்டு வரைகிறோம்.

புறப்படும்போது பாட்டியார் தடுத்தார். 1939 இல் தாய்லாந்து என்று பெயர் மாறிய போதிலும் அவருக்கு அது சயாமே. 1942, 1943 ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் மரண ரயில் பாதை போடுவதற்குத் தோட்டத் தமிழரைக் கொண்டுபோனதையும், பல்லாயிரவர் திரும்பி வாராததையும் சிறுமியாய் இருந்து கண்டவர் அவர். "சயாமுக்குப் போனவன் எவன் வந்தான்?" என்றே கேட்டார். அவர் மனத்தைத் தேற்றி வண்டியேறினோம்.

வேலையின் தன்மையைச் சொல்வோம். காலை 7 மணிக்கு வாயிலில் நிற்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கும் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் இரு கை கூப்பி வணங்குவர். ஆசிரியரைக் 'க்ரூ' என்று அழைப்பர். நம்மிடையே வழங்கும் 'குரு' என்னும் சொல்லே அது. 8 மணிக்குக் கொடியேற்றமும் நாட்டுப்பண்ணும். நம் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்துவது எளிது. நாற்பது பாலரை ஒரு வரிசையில் நிறுத்துவதற்குள் உயிர் பாதி போய்விடும்! பிறகு அரைமணிக்கு ஒரு பாடம். அவ்வயதில் இலக்கணம் ஏது? குதி என்று கற்பிக்க நாமே குதிக்க வேண்டும்; யானை என்று கற்பிக்க நாமே துதிக்கை ஆட்ட வேண்டும். மூக்குத் துடைப்பதும், சப்பாத்து மாட்டுவதும், அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவதும் இவ்வேலையில் அடங்கும். 1992 முதல் அந்நாட்டு அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் வழங்கி வருகிறது. அப்பாலைச் சிந்தாமல் குடிக்கச் செய்வதும் ஆங்கில வாத்தியார் கடமையே. பகலுணவுக்குப் பின் பிள்ளைகள் பாய் விரித்து உறங்குவர். அவ்வேளையில் மறுநாளைக்குரிய படங்களை வெட்டி ஒட்டுவோம்.

ஜூன் மாதத்தையொட்டி ஒரு வியாழனன்று ஆசிரியரை வணங்கும் சடங்கு நடைபெறும். அறுகம்புல், கத்தரிப்பூ, வெட்சிப்பூ மூன்றையும் தட்டில் வைத்துத் தருவர். மிதித்தாலும் தழைக்கும் புல் விடாமுயற்சிக்கும், தலை கவிழ்ந்த கத்தரிப்பூ பணிவுக்கும், ஊசி போன்ற வெட்சி மொட்டு கூரிய அறிவுக்கும் அடையாளமாம்.

தாய்மொழி நாவுக்கு இட்ட பழக்கத்தை அங்கேதான் நன்கறிந்தோம். அவர் மொழியில் சொல்லின் இறுதியில் லகர ஒலி நில்லாது; னகரமாகிவிடும். ஆகவே ஆப்பிள் 'ஆப்பென்' ஆகும். ஸ்கூல் 'சகூன்' ஆகும். இதைக் கேட்டு நகைப்பதற்கு நமக்கு உரிமையில்லை. 'இஸ்கூல்' என்று நம்மவர் சொல்லவில்லையா? ஒரு மொழியைப் பள்ளியிற் கற்றவனுக்கே அம்மொழியின் மேடுபள்ளம் எங்கே என்று தெரியும்.

ஆனால் பள்ளி நடத்தியோர் அவ்வாறு எண்ணவில்லை. புதிய பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில், பெற்றோர் கண்ணிற் படாமல் நம்மை உள்ளறையில் இருக்கச் சொல்லினர். ஊர் சுற்ற வந்து ஆறு மாதம் வேலை ஏற்றிருந்த ஓர் ஐரோப்பியரை வாயிலில் நிறுத்தினர். அவர் நல்லவர், பாடத்துக்குரிய விளையாட்டுகளை நம்மிடமே கேட்டறிந்தார். அவருடைய தாய்மொழியும் ஆங்கிலமன்று. நம்மைப் போலவே பள்ளியிற் கற்றவர். எனினும் அவர் சம்பளம் நம்முடையதைப் போல் ஏறக்குறைய இருமடங்கு. அந்த வித்தியாசத்துக்குத் தோலின் நிறத்தைத் தவிர வேறு காரணம் உண்டோ?

இஃது ஒரு பள்ளியோடு நிற்பதன்று. தென் கொரியாவில் ஆங்கில உரையாடல் ஆசிரியருக்குரிய விசா, நெடுங்காலமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கே பெரும்பாலும் உரியதாய் இருந்து வந்துள்ளது. இந்தியருக்கு 2010 இல் ஒப்பந்த வழியாக ஒரு சிறு கதவு திறந்தது. எந்த நாட்டிற் பிறந்தாய் என்பதே முதற்கேள்வி. கற்பிக்கத் தெரியுமா என்பது பிறகு. பிறப்பைக் கொண்டு தகுதியை அளக்கும் கொடுமை நமக்குப் புதியதா, தோழர்களே?

நிற்க. அப்பள்ளியைச் சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள். நள்ளிரவு கழிந்ததும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் பெண் ஒருத்தியின் மகள் நம் வகுப்பில் இருந்தாள். மூன்று மாதமாக அவள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் பிற்பகல், கூரை அதிர மழை கொட்டிற்று. அவள் நம் கையைப் பிடித்து இழுத்து, வெளியே காட்டி, "லெயின்! லெயின்!" என்று துள்ளினாள். மழைக்குரிய ஆங்கிலச் சொல்லை அவள் நாவுக்கு இயன்றவாறு சொல்லினாள். பிள்ளை மழையைக் கண்டு களிக்கிறாள் என்று மற்றவர் எண்ணினர். நமக்கோ அதன் பொருள் விளங்கிற்று. மரம் நனைந்தால் வெட்டு இல்லை. இன்றிரவு அம்மா தன்னோடு படுத்திருப்பாள் என்பதே அக்களிப்பு. லயத்தில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இது விளங்கும். அவள் அச்சொல்லைச் சொல்வதற்கு நம்முடைய கடவுச்சீட்டைக் கேட்கவில்லை.

நம் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பாலர் பள்ளிகள் உள. அவற்றிற்கு ஆசிரியரைத் தேடும்போது நம்மவர் செய்வது என்ன? வெள்ளைக்காரர் குரலைக் கேட்டால் கூடுதற் பணம் கொடுக்க முன்வருகிறோம், லயத்திலிருந்து படித்து வந்த பெண் ஆசிரியையானால், "இவளுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்?" என்கிறோம். சயாமில் நம்மை உள்ளறையில் இருத்தியவருக்கும் நமக்கும் வேற்றுமை யாது? ஆசிரியரின் ஊரையும் நிறத்தையும் விசாரிப்பதை விடுவோம். வகுப்பு வாயிலிற் போய் அரைமணி நேரம் நின்று பார்ப்போம். ஊமைபோல் இருந்த பிள்ளை பேசுகிறதா என்று கவனிப்போம். பேசினால் அவரே ஆசிரியர். அவருக்குரிய சம்பளத்தை முழுமையாகக் கொடுப்பதே முறை.