சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்

நீலகிரியில் மேட்டை வெட்டி வீடு கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், “சார், சுவர் எவ்வளவு கனம், எத்தனை எம்.எம். கம்பி?” என்பதுதான். மழைத் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கான்கிரீட் தடுப்புச் சுவர் தன் கனத்தால் மட்டும் நிற்பதில்லை. அதன் அடித்தளம் மண்ணுக்கடியில் மேட்டுப் பக்கமாக நீண்டிருக்கும். அந்தப் பகுதியை ஹீல், அதாவது குதிகால் என்போம். அதன்மேல் ஏறி நிற்கிற மண்தான் சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. தள்ளுகிற மண்ணையே காவலுக்கு வைக்கிற தந்திரம் இது. 20 அடிச் சுவருக்கு அடித்தளம் சுமார் 12 அடி அகலம் வேண்டும் என்றால் வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். அவ்வளவு தூரம் மேட்டைக் குடைய வேண்டுமே! முக்கியக் கம்பி மண்பக்கம் வரவேண்டும், இழுவிசை அங்கேதான். வெளிப்பக்கம் கட்டி வைத்திருந்ததைப் பிரிக்கச் சொன்ன இடங்கள் உண்டு.

இனி தண்ணீர். சாதாரண மண்ணை 6 மீட்டர் உயரத்துக்கு நிறுத்தினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 11 டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் மேல்மட்டம் வரை தேங்கினால் அது 23 டன் ஆகிவிடும். அதனால்தான் சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, வரிசையாகக் குழாய்த் துளைகள் விடுகிறோம்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச்சரிவே ஆழத்தில் நழுவினால் எந்தச் சுவரும் கூடவே போய்விடும். உயரமாக வெட்டுகிறவர்கள் மண் பரிசோதனை செய்து முழுச் சரிவையும் கணக்குப் பார்க்க வேண்டும்.

துளைகளுக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒருவர், புதுப் பெயின்ட் அடித்த சுவரில் செம்மண் தண்ணீர் வழிகிறதென்று அத்தனையையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார். சொல்லிப் பார்த்தேன். “சொட்டுத் தண்ணிதானே சார்” என்றார். ஐப்பசி அடைமழையில், சுவர் உச்சிக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விழுந்திருந்தது. அந்தச் சுவரை ஒட்டிய பின்னறையில்தான் பேரப்பிள்ளைகள் படுப்பார்கள். அன்றிரவே எல்லோரையும் தங்கை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். முணுமுணுத்தார், அனுப்பினார்.

மறுநாள் மழை விட்டதும் கம்பியில் படாமல் அடிவரிசையில் துளை போடவைத்தோம். கைத்தடி கனத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியது. சாயங்காலம் வரை நிற்கவில்லை.

சாய்ந்த சுவர் தானாக நிமிராது. மாதம் ஒருமுறை தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து, அளவை அவர் வீட்டுக் காலண்டரில் குறித்து வருகிறோம். தை வரை நகரவில்லை. பின்னறையில் இப்போது விறகுதான் இருக்கிறது.