அஞ்சலட்டையின் இரண்டு பக்கங்கள்

 

படக் கட்டுரை கற்பிக்கும் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த சிக்கல் ஒன்று உண்டு. எந்தப் படத்தைக் கொடுத்தாலும், வானம் நீலமாக இருக்கிறது, மரங்கள் பசுமையாக இருக்கின்றன, காட்சி கண்ணைக் கவர்கிறது என்று நம் மாணவர்கள் எழுதி முடித்துவிடுவார்கள். படத்தில் உள்ளதைச் சொல்வார்கள். படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்தச் சிக்கலைத் தீர்க்க எனக்குக் கைகொடுத்தவை, நான் இதுவரை கண்ணால் காணாத ஒரு மலைநாட்டின் பழைய பட அஞ்சலட்டைகள்.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் என்னோடு பயின்ற தோழி ஒருத்தி, கணவரின் பணியை முன்னிட்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாக்ஸ்வில் நகருக்குக் குடிபெயர்ந்தாள். அவ்வூர்ப் பழம்பொருள் கடைகளில் இத்தகைய அட்டைகள் பெட்டி பெட்டியாகக் கிடைக்குமாம். நான் படம் கேட்டேன் என்பதற்காக ஆண்டுக்கு ஒரு முறை சிறு கட்டு ஒன்றை அனுப்பிவைப்பாள். இப்போது என்னிடம் 43 அட்டைகள் சேர்ந்துள்ளன. அனைத்தும் அப்பலாச்சியா மலைத்தொடரின் ஊர்களையும் காட்சிகளையும் காட்டுபவை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் தெற்கே அலபாமாவில் தொடங்கி வடக்கே கனடா வரை நீளும் பழம்பெரும் மலைத்தொடர் அது. அடர்ந்த காடும் நிலக்கரியும் அதன் செல்வங்கள்.

இந்த அட்டைகளைக் கையில் எடுத்தவுடன் நான் படத்தைப் பார்ப்பதில்லை. திருப்பிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பேன். அட்டையின் வயதைச் சொல்வது அந்தப் பக்கமே. தனியார் அச்சிட்ட அட்டைகளையும் ஒரு சென்ட் கட்டணத்தில் அனுப்பலாம் என்று அமெரிக்க அரசு 1898ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஆனால், 1907 மார்ச்சு மாதம்வரை பின்பக்கத்தில் முகவரி மட்டுமே எழுத அனுமதி இருந்தது. செய்தி எழுத விரும்பியவர்கள், படத்தின் ஓரத்திலுள்ள வெற்றிடத்தில் எழுத்துகளை நெருக்கி நெருக்கி எழுதினார்கள். அதன் பிறகே பின்பக்கத்தின் நடுவில் கோடு விழுந்தது; வலப்புறம் முகவரிக்கும் இடப்புறம் செய்திக்கும் ஒதுக்கப்பட்டன. 1908 ஜூன் மாதத்தோடு முடிந்த ஓராண்டில் மட்டும் அந்நாட்டில் 67 கோடிக்கும் மேற்பட்ட அட்டைகள் அஞ்சலில் சென்றன. அன்றைய மக்கள் தொகையோ ஏறத்தாழ ஒன்பது கோடி. இன்று நாம் கைப்பேசியில் படமும் ஒரு வரிச் செய்தியும் அனுப்புகிறோமே, அதே வேட்கைதான்.

1930களில் வெளிவந்த அட்டைகளைத் தடவிப் பார்த்தாலே அறிந்துகொள்ளலாம். துணி நெசவு போன்ற சொரசொரப்பு இருக்கும். அதனால் அவற்றை ‘லினன்’ அட்டைகள் என்பர். சிக்காகோவிலிருந்த கர்ட் டைக் நிறுவனம் இவ்வகை அட்டைகளைப் பெருமளவில் அச்சிட்டது. கறுப்பு வெள்ளையில் எடுத்த நிழற்படத்தைக் கலைஞர்கள் திருத்தி வண்ணமூட்டுவார்கள். வெறும் வானத்தில் வெண்மேகம் சேர்ப்பார்கள். மின்கம்பங்களையும் கம்பிகளையும் அழித்துவிடுவார்கள். விற்பவருக்கு எது வேண்டுமோ அதுவே மலையாகவும் ஊராகவும் அச்சாகிவரும்.

மலைக்கு மேகம் சேர்ப்பதில் யாருக்கும் தீங்கில்லை. மனிதர்களைத் திருத்தும்போதுதான் சிக்கல் எழுகிறது. வட கரோலினாவில் செரோக்கி என்னும் ஊர் உள்ளது. அது செரோக்கிப் பழங்குடியினரின் மண். அங்கிருந்து வந்த அட்டை ஒன்றில் ஒருவர் தலையிலிருந்து முதுகுவரை இறங்கும் நீண்ட இறகுமுடி அணிந்து, கூம்பு வடிவத் தோல் கூடாரத்தின் முன் நிற்கிறார். செரோக்கியர் அத்தகைய கூடாரத்தில் வாழ்ந்தவர் அல்லர், மரவீடுகளில் வாழ்ந்தவர்கள். அந்த இறகுமுடியும் அவர்களுடையது அன்று. நெடுந்தொலைவிலுள்ள மேற்குச் சமவெளிப் பழங்குடியினருடையது. திரைப்படங்களில் அதைப் பார்த்துப் பழகிய சுற்றுப்பயணிகள் அதையே எதிர்பார்த்தார்கள். சாலையோரத்தில் அவ்வாறு உடுத்தி நின்று, படமெடுக்க வருவோரிடம் காசு பெற்றுக் குடும்பம் நடத்தியவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். ஆயினும், அந்த அட்டை சொல்லாத ஒன்றை என் மாணவர்களுக்குச் சொல்லிவிடுவேன். செக்கோயா என்னும் செரோக்கியர், பிற மொழி எழுத்து எதையும் படிக்கத் தெரியாதவராக இருந்தும், 1821ஆம் ஆண்டளவில் தம் மொழிக்கென்று தனி எழுத்துமுறை ஒன்றை உருவாக்கி முடித்தார். அசைக்கு ஓர் எழுத்தாக இன்று 85 எழுத்துகள் வழங்குகின்றன. 1828இல் அந்த எழுத்தில் செய்தித்தாளே வெளிவந்தது. எழுத்தைப் படைத்த ஒரு மக்களை இறகுமுடியாகச் சுருக்கிவிட்டது அந்த அட்டை. தாய்மொழிப் பள்ளியில் எழுத்துக் கற்பிக்கும் எனக்கு இது சிறிய செய்தி அன்று.

இன்னோர் அட்டை மேற்கு வெர்ஜினியாவைச் சேர்ந்தது. ஆன்ஸ்டெட் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள ஹாக்ஸ் நெஸ்ட் என்ற உயரமான பாறை விளிம்பிலிருந்து கீழே பார்க்கும் காட்சி. நியூ ஆறு வளைந்து செல்கிறது. இருபுறமும் மரமடர்ந்த மலைகள். என்னிடமுள்ள அட்டைகளிலேயே மிக அழகியது இதுதான். இந்த அழகிய மலைக்குள் 1930இல் ஏறத்தாழ மூன்று மைல் நீளத்திற்குச் சுரங்கவழி ஒன்றைக் குடைந்தார்கள். ஆற்றுநீரைத் திருப்பி மின்சாரம் எடுப்பதே நோக்கம். பாறையில் சிலிக்கா மிகுதியாக இருந்தது. நீர் தெளிக்காமல் துளையிட்டதால் தூசி பறந்தது. தொழிலாளர்களுக்கு முகக்கவசம் கொடுக்கப்படவில்லை. சுரங்கத்தினுள் உழைத்த ஏறத்தாழ 3,000 பேரில் பெரும்பாலோர் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். தூசி அவர்களின் நுரையீரலில் படிந்தது. இறந்தோர் 109 பேர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நடந்த விசாரணையோ 476 பேர் என்றது. பின்னாளில் 1986இல் நூல் எழுதிய மருத்துவர் மார்ட்டின் செர்னியாக், 700க்கும் மேல் என்று கணித்தார். அட்டையில் ஆறு அமைதியாக ஓடுகிறது. அதில் பொய் ஒன்றுமில்லை. சொல்லாமல் விட்டதுதான் அதிகம்.

நிலக்கரி ஊர்களின் அட்டைகளைப் பார்க்கும்போது மட்டும் எனக்கு அயலூர் என்ற எண்ணம் வருவதில்லை. ஒரே அச்சில் வார்த்தாற்போல் வரிசையாக நிற்கும் மரவீடுகள். மேட்டில் மேலாளரின் பெரிய வீடு. நடுவில் நிறுவனத்தின் கடை. அந்த ஊர்களில் வீடும் கடையும் நிறுவனத்திற்கே சொந்தம். பல இடங்களில் கூலிக்கு முன்பணமாக நிறுவனமே அடித்த வில்லைகளைக் கொடுத்தார்கள்; அவை நிறுவனக் கடையில்தான் செல்லும். வேலை போனால் வீடும் போய்விடும். நான் பால்மரத் தோட்டத்தில் பிறந்தவள். லயத்து வீடுகளும் மேட்டிலிருந்த துரை பங்களாவும் கடன் புத்தகம் வைத்திருந்த கடையும் எனக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியவை அல்ல. நான் இடைநிலைப்பள்ளியில் பயிலும்போது தோட்டம் கைமாறியது. மரங்கள் சாய்ந்தன, மக்கள் ஆளுக்கொரு திசையில் சென்றார்கள். இன்று அங்கே வீடமைப்புப் பகுதி உள்ளது. அந்த லயத்தின் படம் ஒன்றுகூட எங்கள் குடும்பத்தில் இல்லை. எங்களை விற்பனைக்கு உரிய காட்சியாகக் கருதி அட்டை அச்சிட எவரும் வரவில்லை. எங்களிடமோ படக்கருவி இல்லை. மேகம் சேர்த்த அட்டையாவது ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று சில வேளைகளில் எண்ணுவேன்.

அப்படியானால் அட்டைகள் எல்லாமே விற்பவரின் கண்கொண்டு எடுக்கப்பட்டவைதாமா? இல்லை. என்னிடம் வேறு வகையைச் சேர்ந்த அட்டைகள் சில உள்ளன. 1903இல் கோடாக் நிறுவனம், அஞ்சலட்டை அளவிலேயே படச்சுருள் கொண்ட மடக்குப் படக்கருவி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்பக்கம் அஞ்சலட்டைபோல் அச்சிட்ட நிழற்படத்தாளும் கிடைத்தது. ஊர்ப் படப்பிடிப்பாளரோ பொதுமக்களோ தாமே படமெடுத்து, பத்துப் பதினைந்து படிகள் மட்டும் எடுத்து, அஞ்சலில் அனுப்பலாம். இவற்றில் வண்ணம் இல்லை; சேர்த்த மேகமும் இல்லை. கம்பங்கள் சாய்ந்தபடியே நிற்கும். பெயரும் ஆண்டும் சிலவற்றில் படத்தின்மீதே கையால் எழுதப்பட்டிருக்கும்.

அவ்வாறான ஓர் அட்டை, வட கரோலினாவின் ஆஷ்வில் நகரில் 1916 ஜூலை 16ஆம் நாள் ஏற்பட்ட வெள்ளத்தைக் காட்டுகிறது. தெருவில் ஆறு ஓடுகிறது; கடைகளின் வாயில்களை நீர் மறைத்திருக்கிறது; கூரையோரம் சிலர் நிற்கிறார்கள். அடுத்தடுத்து வந்த இரு புயல்களின் மழையால் பிரெஞ்சு பிராடு ஆறு 23.1 அடி உயர்ந்தது. நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த அளவே உச்சமாக இருந்தது. 2024 செப்டம்பர் 27ஆம் நாள் ஹெலீன் புயல் அந்த மலைகளில் பெருமழையைக் கொட்டியது. அதே ஆறு ஆஷ்வில்லில் 24.67 அடியைத் தொட்டது. வட கரோலினாவில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். லினன் அட்டைகளில் பலமுறை அழகு காட்டிய சிம்னி ராக் பாறைத்தூண் அப்படியே நின்றது; அதன் அடியில் ஆற்றோரம் இருந்த சிற்றூரின் பெரும்பகுதியை வெள்ளம் அடித்துச் சென்றது.

அச்செய்தி வந்த நாளில் நான் இவ்விரு அட்டைகளையும் எடுத்து அருகருகே வைத்துப் பார்த்தேன். பாறைத்தூண் அட்டை, இங்கே வாருங்கள் என்று அழைக்கிறது. வெள்ள அட்டையோ, இங்கே இப்படி நடந்தது, நீர் இவ்வளவு உயரம் வந்தது என்று சொல்கிறது. முதலாவது வெளியாருக்காக எடுக்கப்பட்டது. இரண்டாவது ஊராரே எடுத்தது. படத்தின் தரத்தில் முதலாவதே மேல். ஆனால், பேரனுக்கு விட்டுச்செல்ல வேண்டியது இரண்டாவதைத்தான்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். ஆண்டு 5 மாணவர்களுக்கு ஒரு குழுவுக்கு ஓர் அட்டை என்று கொடுத்து, மூன்று கேள்விகள் மட்டும் கேட்பேன். இந்தப் படத்தை எடுத்தவர் யார்? யார் பார்ப்பதற்காக எடுத்தார்? படத்தின் விளிம்புக்கு வெளியே யார் இருந்திருப்பார்? முதல் முறை வகுப்பு அமைதியாகிவிட்டது. பிறகு ஒரு மாணவன், நிலக்கரி ஊர் அட்டையைக் காட்டி, “டீச்சர், இவ்வளவு வீடுகள் இருக்கின்றன, ஆள் ஒருவரையும் காணவில்லையே, எல்லாரும் சுரங்கத்துக்குள் இருக்கிறார்களா?” என்று கேட்டான். மூன்று ஆண்டுகளாக நான் காத்திருந்த கேள்வி அது.

அடுத்த வாரம் வெற்று அட்டைகளைக் கொடுத்தேன். முன்பக்கத்தில் தாம் வசிக்கும் இடத்தை வரைய வேண்டும். பின்பக்கத்தில் படத்தில் காட்ட முடியாத ஒன்றை எழுத வேண்டும். ஒரு மாணவி அடுக்குமாடிக் குடியிருப்பை வரைந்தாள். வழக்கம்போல நீல வானம், இரண்டு பறவைகள், சிரிக்கும் சூரியன். திருப்பிப் பார்த்தேன். மின்தூக்கி பழுதாகி இரண்டு மாதமாகிறது என்றும், ஒன்பதாவது மாடியிலிருக்கும் பாட்டி அன்றிலிருந்து கீழே இறங்கவில்லை என்றும், பாட்டிக்குக் கோயிலைக் காட்டத் தான் சன்னலருகே நாற்காலி போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாள். நான்கு வாக்கியங்கள், இரண்டு எழுத்துப்பிழைகள். பிழைகளைத் திருத்தினேன். வேறெதையும் தொடவில்லை.

ஆசிரிய நண்பர்களே, இந்தப் பயிற்சிக்கு அமெரிக்க அட்டைகள் தேவையில்லை. நாள்காட்டிப் படமோ விளம்பரத்தாளோ போதும். அந்த மூன்று கேள்விகள்தாம் முக்கியம். பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பழைய படங்களை விடுமுறையில் ஒரு நாள் எடுத்துவைத்துப் பிள்ளைகளோடு அமருங்கள். தாத்தா பாட்டி இருக்கும்போதே ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று கேட்டுப் பின்பக்கத்தில் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். மெதுவாக அழுத்திப் பென்சிலால் எழுதட்டும். மை முன்பக்கத்துக்கு ஊறிவிடக்கூடும். கைப்பேசியிலுள்ள படங்களில் சிலவற்றையேனும் அச்சிட்டு, அவற்றின் பின்னும் எழுதி வையுங்கள்.